நெஞ்சு வலிக்காரி

ஜாக்கெட்டின் வலது கை ஏறவில்லை. பெரியம்மா ஒச்சம்மாள் அம்மாவின் முழங்கையைத் தன் தொடைமேல் வைத்து அழுத்தி, விரல்களைக் குவித்துத் துணிக்குள் நுழைத்துப் பார்த்தாள். கை விறைத்துப் போயிருந்தது.

"அந்தக் கத்திரிய எடுடி. முதுகுப் பக்கம் வெட்டிட்டு மாட்டுவோம். யாரு திருப்பிப் பாக்கப் போறா?"

முனீஸ்வரி எடுக்கவில்லை. அது அவளுடைய ஜாக்கெட். தோழி கல்யாணத்துக்காகக் கை நீளமாக வைத்துத் தைத்தது. அம்மா மாயக்காளின் ஜாக்கெட்டுகள் எல்லாம் பாத்திரம் கழுவத் தோதாகக் கை குட்டையானவை. விடிந்ததிலிருந்து பீரோவைக் கலைத்துப் போட்டுப் பெரியம்மா இதைக் கண்டுபிடித்தாள். செத்தவளுக்கு நல்ல துணி உடுத்திப் பார்க்கும் ஆசையெல்லாம் ஒன்றுமில்லை. அம்மாவின் மேல்கையில் நாலு விரலும் கட்டை விரலும் பதிந்த இடம் கருத்திருந்தது. இடது மார்புக்குக் கீழே விலா முழுக்க, ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கருநீலமாகக் கன்றிக் கிடந்தது.

பெரியம்மாவே எழுந்து கத்திரியை எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் பின்னால், துவைக்கிற கல்லுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் சேலைகளை மறைப்பாகக் கட்டியிருந்தார்கள். மறைப்புக்கு அந்தப் பக்கமிருந்து அப்பாவின் அண்ணன், பெரியப்பா விருமாண்டி தொண்டையைச் செருமினார்.

"திருமங்கலம் தாண்டிட்டாங்களாம். என்னத்தப் பண்ணிக்கிட்டு இருக்கீக இன்னும்?"

திருமங்கலம் தாண்டியவர்கள் அம்மாவின் பிறந்த வீட்டார். பேரையூர்ப் பக்கத்திலிருந்து வேன் பிடித்து வந்துகொண்டிருந்தார்கள். கட்டிக்கொடுத்த பெண் செத்தால் அவளைக் குளிப்பாட்டும் உரிமை பிறந்த வீட்டுப் பெண்களுக்கு. அவர்கள் கைத் தண்ணீர் விழுந்து, கூடப் பிறந்தவன் கொண்டுவந்த கோடிச் சேலையைப் போர்த்திய பிறகுதான் பாடையைத் தூக்கலாம். கொடுத்தபோது இருந்த மேனி எடுக்கும்போதும் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ள, எந்தக் காலத்திலோ ஒரு விவரமான பெண்பிள்ளை ஏற்படுத்தி வைத்த வழக்கமாகத்தான் இது இருக்க வேண்டும். பெரியப்பாவுக்கும் அது தெரியும். அதனால்தான் அவர்கள் வருவதற்குள் குளிப்பாட்டி, மூடி, ஐஸ் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டும் என்று இந்தப் பறப்பு.

"மூஞ்சியில மஞ்சப் பூசு" என்றாள் பெரியம்மா. "கழுத்துலயும் நல்லாப் பூசு. அங்கயும் தெரியுது."

முனீஸ்வரி பூசினாள். விரலுக்கடியில் அம்மாவின் தொண்டை சில்லென்று இருந்தது.

*

முனீஸ்வரியின் அப்பா கருத்தக்கண்ணன் தண்ணி லாரி ஓட்டுகிறவர். வில்லாபுரத்தில் பாதி வீடுகளுக்கு அவர் லாரிதான். தெருவில் நல்ல மனுசன் என்று பேர். வீட்டுக்குள் குடித்தால் கையால் அடிப்பார், குடிக்காத நாளில் வாயால் அடிப்பார். வண்டிச் சத்தம் கேட்டதும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு எது என்று அம்மா கண்டுபிடித்துவிடுவாள். கையால் என்றால் மகளை அறைக்குள் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டுவிடுவாள். முனீஸ்வரி பால்வாடிக்குப் போன காலத்திலிருந்து இதுதான் நடைமுறை. இப்போது அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். இருபத்து மூன்று வயது டீச்சரையும் அம்மா அதே மாதிரிதான் உள்ளே தள்ளினாள்.

போன வருசம் பள்ளிக்கூடத்தில் ஒரு மருத்துவ முகாம் நடந்தது. நர்ஸ் நாடித் துடிப்பை அளக்க விரலில் கிளிப் மாதிரி ஒன்றை மாட்டிப் பார்த்து, "நூத்தி நாலு. கொஞ்சம் ஜாஸ்திதான், பயப்படாதீங்க மிஸ்" என்றார். பயப்படாதீங்க என்று சொன்ன அன்றைக்குத்தான் முனீஸ்வரிக்குப் பயம் பிடித்தது. அதே கிளிப்பைக் கடையில் வாங்கினாள். காலையில் தொண்ணூற்றெட்டு, மாடிப்படி ஏறினால் நூற்றிருபது, சும்மா உட்கார்ந்தால் நூற்றிரண்டு. போனில் தேடித் தேடி, சின்ன வயசில் திடீரென்று விழுந்து செத்தவர்களின் கதையாகப் படித்தாள். காபியை நிறுத்தினாள். இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பதை விட்டாள். பேசிக்கொண்டிருக்கும்போதே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது.

அம்மா முதலில் சிரித்தாள். மகளின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "என்னடி இது, ரைஸ்மில்லு ஓடுது" என்றாள். அப்புறம் சிரிக்கவில்லை. திருமங்கலத்தில் ஒரு டாக்டர், மதுரையில் இரண்டு டாக்டர் என்று அழைத்துக்கொண்டு அலைந்தாள். ஈசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் எடுத்தார்கள். எதிலும் ஒன்றுமில்லை.

"சில பேருக்கு நூறுக்குப் பக்கத்துலதான் இருக்கும். இதனால ஒண்ணும் ஆகாது" என்றார் கடைசி டாக்டர். "வீட்ல எதுவும் டென்ஷன் இருக்காம்மா?"

முனீஸ்வரி வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார். இவுக அப்பா எங்களத் தங்கமா வச்சிருக்காரு." சொல்லிக்கொண்டே முந்தானையை இழுத்துத் தோளை மூடினாள். டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளிப்பை விரலில் மாட்டி உட்கார்ந்திருக்கும்போது தெருமுனையில் அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டால் எண் விறுவிறுவென்று ஏறும். அதை முனீஸ்வரி எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். பார்த்த பிறகும் கோளாறு தன் நெஞ்சில்தான் இருக்கிறது என்று நம்பினாள். படித்த பிள்ளை.

அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் எதிர்வீட்டுப் பத்மாசினி அவர்களைப் பார்த்துவிட்டார். சௌராஷ்டிராக் குடும்பம். ஜவுளிக் கடை. வாய் ஓயாத, மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாத மனுசி.

"என்ன மாயக்கா, ஹார்ட் டாக்டர்கிட்ட?"

"எனக்குத்தான்க்கா. நெஞ்சு படபடன்னு வருது. துணைக்கு இவளக் கூட்டியாந்தேன்" என்றாள் அம்மா, கண் சிமிட்டாமல்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் முனீஸ்வரி கேட்டாள். "ஏம்மா பொய் சொன்ன?"

"நாளைக்கு உன்னையப் பொண்ணு கேட்டு வாரவுக தெருவுல நாலு பேருகிட்ட விசாரிப்பாகள்ல. நெஞ்சுக் கோளாறு புடிச்ச புள்ளன்னு ஒருத்தி சொன்னாப் போதும், வந்த வண்டி அப்படியே திரும்பிரும். எனக்கு என்னடி, நான் இனிமேலா கல்யாணம் கட்டப் போறேன்?"

அதோடு விடவில்லை. ரேசன் கடையில், குழாயடியில் எல்லாம் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க ஆரம்பித்தாள். தெருவில் அவளுக்கு நெஞ்சு வலிக்காரி என்றே பேராகிவிட்டது. "நீ குடத்தத் தூக்காத மாயக்கா" என்று வாங்கிக்கொண்டார்கள். வரிசையில் நின்றால் ஸ்டூல் போட்டார்கள். உட்கார் என்று நாலு பேர் அம்மாவிடம் சொன்னது அவள் ஆயுசில் அந்த ஒரு வருசம்தான். அதை அவள் கொஞ்சம் ரசித்தாள் என்று கூடச் சொல்லலாம்.

நேற்றுச் சாயங்காலம் டீக்கடையில் யாரோ அப்பாவிடம் கேட்டுவிட்டார்கள். "கண்ணா, வீட்டுல நெஞ்சு வலியாமே. இனிமேலாச்சும் கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருப்பா."

வண்டிச் சத்தம் கேட்டதும் அம்மா மகளை அறைக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டாள்.

"ஊரு பூரா என்னடி சொல்லிட்டுத் திரியுற? நான் அடிச்சு உனக்கு நெஞ்சு வலியா?"

கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற அம்மா, எனக்கு இல்லை, பிள்ளைக்குத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் மறுநாளே அவர் அதையும் டீக்கடையில் போட்டு உடைப்பார்.

"எனக்கு வலிக்குது, நான் சொல்றேன்" என்றாள் அம்மா.

"நெஞ்சு வலியா? இந்தா, நெஞ்சு வலி."

சுவர் அதிர்ந்தது. "இந்தா. இந்தா" என்று மறுபடியும் கேட்டது. முனீஸ்வரி கட்டிலில் உட்கார்ந்து மணிக்கட்டில் விரலை வைத்திருந்தாள். எண்ணிக்கை தவறிப்போய் முதலிலிருந்து எண்ணினாள். அப்புறம் வெளியே சத்தமில்லை. எப்போதும் போல முடிந்துவிட்டது, இனி அம்மா வந்து தாழ்ப்பாளைத் திறப்பாள் என்று காத்திருந்தாள்.

திறந்தது அப்பா. "உங்கம்மா எந்திரிக்க மாட்டேங்குறா" என்றார், அது ஏதோ அம்மாவின் பிடிவாதம் என்பது போல.

*

ஐஸ் பெட்டியை வாசல் பந்தலுக்குள் வைத்தார்கள். கண்ணாடி மூடியின் இரண்டு பக்கக் கொக்கிகளையும் பெரியப்பா தன் கையால் மாட்டினார். அப்பா பக்கத்து நாற்காலியில் தலையில் துண்டைப் போட்டு உட்கார்ந்து அழுதார். அழுகையில் குறை சொல்ல முடியாது. தோள் குலுங்க, மூக்கு ஒழுக, நல்லாத்தான் அழுதார். பார்த்தவர்கள் எல்லாம் இரக்கப்பட்டார்கள்.

பெரியப்பா முனீஸ்வரியை அடுப்படிக்குக் கூப்பிட்டார். கட்சிக்காரர். யாரையும் மிரட்டும்போது குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்.

"டாக்டர் எழுதிக் குடுத்துட்டாரு. நெஞ்சு வலின்னுதான். தெருவே சாட்சி சொல்லுது. உங்க மாமன் வந்து உன்னையக் கேப்பான். ஆமான்னு தலைய ஆட்டு, போதும்."

அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்லேன்னு சொன்னேன்னு வையி, உங்க மாமன் இங்கயே உங்கப்பன வெட்டுவான். அப்பறம் அவனும் உள்ள போவான். உனக்கு எத்தன பொணம் வேணும்? இன்னொண்ணு. ஆஸ்பத்திரிக்கு யாருக்காகப் போனீகன்னு எனக்குத் தெரியும். நாந்தான ஒருநா வண்டியில கொண்டுபோயி எறக்கி விட்டேன். அதுவும் சேந்து வெளிய வரும். உங்கம்மா எதுக்காக அம்புட்டுப் பொய் சொன்னா? உன் வாழ்க்கைக்காக. செத்தவ ஆசையக் கெடுத்துராத, ஆத்தா."

தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. தன் நெஞ்சுக்காக அம்மா சொன்ன பொய் அம்மாவைக் கொன்றது. இப்போது அதே பொய் கொன்றவரைக் காப்பாற்றப் போகிறது. இடையில் அவள் செய்ததெல்லாம் தன் நாடியை எண்ணியதுதான்.

தெருமுனையில் கொட்டுச் சத்தம் கேட்டது.

வேனிலிருந்து முதலில் இறங்கியது மாமா பேயாண்டி. கம்பும் சோளமும் போடுகிற காட்டில் வெந்த உடம்பு. செருப்பில்லாத கால். கையில் தாம்பாளத்தில் சிவப்புக் கரை போட்ட மஞ்சள் கோடிச் சேலை. தங்கச்சி சுமங்கலியாய்ப் போனவள் அல்லவா. பின்னால் அவர் மனைவி அன்னக்கொடி தங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்திருந்தாள். வழியில் சிந்தாமலிருக்க வாயை வாழையிலையால் கட்டியிருந்தாள். அவர்களோடு வந்த பெண்கள் தெருவிலிருந்தே தலைவிரிகோலமாக மாரில் அடித்துக்கொண்டு வந்தார்கள்.

அன்னக்கொடி பெட்டிக்கருகில் வந்து அழுகையை நிறுத்தினாள்.

"குளுப்பாட்டிட்டீகளா?"

"ஒடம்பு தாங்காதுன்னு..." என்றாள் பெரியம்மா.

"ஐஸ்ல வச்சா ஒடம்பு ஏன் தாங்காது? எங்க கைத் தண்ணி விழுகாம எப்படிக் குளுப்பாட்டுவீக? நாங்க எல்லாரும் செத்தா போனோம்?"

"அன்னக்கொடி, எழவு வீட்டுல எதுக்கும்மா சத்தம்" என்று பெரியப்பா குறுக்கே வந்தார். "மச்சான், நீங்களாச்சும் சொல்லுங்க. ஒரு வருசமாவே உங்க தங்கச்சிக்கு நெஞ்சு வலி. வைத்தியம் பாத்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. நேத்து அந்தியில சாஞ்சிருச்சு. ஆண்டவன் எடுத்துக்கிட்டான்."

"நெஞ்சு வலியா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

"உங்களுக்கு எதுக்குக் கவலைன்னு மறைச்சிருக்கும். தெருவுல யாரை வேணாலும் கேளுங்க."

மாமா கேட்டார். கேட்டது பத்மாசினியிடம். அழுது அழுது அவர் முகம் வீங்கியிருந்தது. "ஆமாண்ணே. ஹார்ட் டாக்டர்கிட்ட வச்சு என் கண்ணால பாத்தேன். அவங்களே எங்கிட்ட சொன்னாங்க, எனக்குத்தான்க்கா படபடப்புன்னு. குழாயடியில நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருவாங்க. நான்தான் குடத்தைத் தூக்கிட்டு வருவேன்." சொல்லிவிட்டு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். பின்னால் நின்ற இரண்டு மூன்று பெண்கள் தலையை ஆட்டினார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. அம்மாவின் நடிப்பு அப்படி.

மாமாவின் தோள் தொய்ந்தது. சண்டைக்கு வந்த உடம்பு அழுகைக்கு மாறியது. "ஏ தங்கச்சி, எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் தூக்கிட்டுப் போயிருக்க மாட்டேனா" என்று பெட்டியின் கண்ணாடியில் நெற்றியை வைத்தார். அப்பா எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்தார். "மாப்ள, என்னைய இப்படி விட்டுட்டுப் போயிட்டாளே மாப்ள" என்று அழுதார். மாமாவும் அவரைக் கட்டிக்கொண்டார்.

பெரியப்பா பாடை கட்டுகிறவர்களைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். மாமா தாம்பாளத்திலிருந்து கோடியை எடுத்தார்.

"கழுத்து வரைக்கும் எதுக்கு இம்புட்டு மஞ்ச?" என்றாள் அன்னக்கொடி. அவள் கண்ணாடியை விட்டு நகரவில்லை. "இந்த நீளக் கை வச்ச ஜாக்கெட்டு அவளுது இல்லையே."

மாமா கோடியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பிறகு திரும்பி மருமகளைப் பார்த்தார்.

"ஆத்தா, நீ சொல்லு. நீ சொன்னா எனக்குப் போதும். உங்கம்மாவுக்கு நெஞ்சு வலிதானா?"

கொட்டு அடிக்கிறவர்கள் நிறுத்திவிட்டார்கள். பெரியப்பாவின் கை முனீஸ்வரியின் பிடரியில் ஆதரவாக வைத்தது போல் வந்து அமர்ந்து அழுத்தியது. அப்பா துண்டுக்குள்ளிருந்து பார்த்தார். கெஞ்சுகிற கண். அந்தக் கண்ணை அவள் அதற்கு முன் பார்த்ததேயில்லை. அம்மா பார்த்திருப்பாள், ஒவ்வொரு மறுநாள் காலையிலும்.

அவள் நெஞ்சு அடித்தது. எவ்வளவு என்று அவள் எண்ணவில்லை.

"படபடப்பு எனக்கு மாமா" என்றாள். குரல் கீச்சென்று வந்தது. "அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. டாக்டர்கிட்டப் போனது எனக்கு. எனக்குக் கல்யாணம் தட்டிப் போயிரும்னு அம்மா தனக்குன்னு சொல்லிக்கிருச்சு. அப்பா நெஞ்சுலயே மிதிச்சாரு. நான் உள்ள இருந்து கேட்டேன்."

பெரியப்பாவின் கை பிடரியை விட்டு எழுந்து அவள் வாயில் இறங்கியது. உதடு பல்லில் குத்திக் கிழிந்தது.

அதற்குப் பிறகு யார் முதலில் என்று யாராலும் சொல்ல முடியாது. அன்னக்கொடி கொக்கியைப் பிடுங்கி மூடியைத் தூக்கினாள். பெரியம்மா அவள் கூந்தலைப் பற்றிப் பின்னால் இழுத்தாள். மூடி சரிந்து தரையில் விழுந்து நொறுங்கியது. அன்னக்கொடி கண்ணாடித் துண்டின் மேலேயே முழங்காலிட்டு அந்த ஜாக்கெட்டின் கையைப் பிடித்து இழுத்தாள். ஏற்கெனவே முதுகில் வெட்டிய துணி, ஒரே இழுப்பில் கழன்று வந்தது. பந்தலில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். சேலையால் அம்மாவின் மாரை மூடிவிட்டு அன்னக்கொடி எழுந்தாள். அவள் கத்தவே இல்லை. கிணற்றுத் தண்ணீர்க் குடத்தை அப்படியே தூக்கிப் பெரியப்பாவின் தலையில் போட்டாள். அவர் நாற்காலிகளோடு சேர்ந்து சரிந்தார். தண்ணீரும் ரத்தமுமாகப் பந்தல் நனைந்தது.

மாமா கோடியைத் தோளில் போட்டுக்கொண்டு பாடையிலிருந்து பச்சை மூங்கிலை உருவினார். கட்டிய பூவெல்லாம் சிதறியது. முதல் அடி அப்பாவின் முதுகில். இரண்டாவது அடியைத் தடுக்கக் கையை உயர்த்தினார். எலும்பு முறிகிற சத்தம் தெருவுக்கே கேட்டது. அப்பா ஊளையிட்டுக்கொண்டு நாற்காலிகளுக்கடியில் தவழ்ந்தார். அப்பாவின் பங்காளிகள் செங்கல்லோடு வந்தார்கள். ஒரு கல் மாமாவின் புருவத்தைப் பிளந்தது. அவர் துடைக்கவே இல்லை. ஒரு கண்ணில் ரத்தம் வழிய, மறு கண்ணால் பார்த்து அடித்தார். பேரையூர்க்காரர்கள் பந்தல்காலைப் பிடுங்கினார்கள். பந்தல் ஒரு பக்கம் சாய்ந்து விழுந்தது. பெண்கள் பெண்களின் மயிரைப் பிடித்து உருண்டார்கள். கொட்டுக்காரர்கள் கொட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

முனீஸ்வரி அசையவில்லை. ஒவ்வொரு அடியும் அவளுக்கு இனித்தது. அப்பா "ஐயோ அம்மா" என்று கத்தியபோது, இன்னும், இன்னும் என்று உள்ளே ஒன்று கேட்டது. அதற்காக அவள் வெட்கப்படவில்லை. கிழிந்த உதட்டை நக்கிக்கொண்டே பார்த்தாள்.

மூங்கில் பிளந்து போனதும் மாமா அதை எறிந்துவிட்டு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினார். திரும்பி வந்தபோது துவைக்கிற கல்லுக்கு முட்டுக் கொடுத்திருந்த பெரிய கருங்கல் அவர் இரண்டு கையிலும் இருந்தது. அப்பா மல்லாந்து கிடந்தார். முறிந்த கை உடம்புக்குக் கீழே மாட்டியிருந்தது. மாமா அவர் மேல் ஒரு காலை ஊன்றிக் கல்லைத் தலைக்குமேல் தூக்கினார். பேரையூர்க்காரர்கள், அப்பாவின் பங்காளிகள் எல்லாரும் விலகிவிட்டார்கள். யாருக்கும் அருகில் போகத் தைரியமில்லை.

அந்தக் கல் விழுந்தால் அப்பா சாவார். சாகட்டும். ஆனால் மாமா திரும்பி வர மாட்டார்.

அவள் ஓடிப்போய் அப்பாவின் மேல் விழவில்லை. மாமாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"மாமா. வேணாம் மாமா. நீங்களும் உள்ள போயிட்டா எனக்கு யாரு இருக்கா?"

அவர் கையிலிருந்து கல் பின்பக்கமாக நழுவித் தரையில் விழுந்தது. அவர் அப்படியே உட்கார்ந்து, அடிபட்ட மாட்டைப் போல அடித்தொண்டையில் கதறினார். முனீஸ்வரி அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கீழே கிடந்த அப்பா அவள் காலைத் தொட்டு, "தண்ணி" என்றார். அவள் காலை நகர்த்திக்கொண்டாள்.

எதிர்வீட்டுப் படியில் பத்மாசினி போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். "ஆமாங்க சார், வில்லாபுரம்தான். கொலைங்க சார். நெஞ்சு வலி இல்லைங்க, கொலை. நான் தப்பாச் சொல்லிட்டேன் சார், தப்பாச் சொல்லிட்டேன்" என்று அழுதார். போலீஸிடம் அவர் இதற்கு முன் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

*

அப்பாவை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள், கூட ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்துகொண்டார். அம்மாவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். மாமாவை அடிதடி வழக்கில் பிடித்து ஜீப்பில் ஏற்றியபோது அவர் தோளில் கோடிச் சேலை அப்படியே கிடந்தது. அன்னக்கொடிதான் ஓடிப்போய் அதை உருவிக்கொண்டாள்.

மறுநாள் பகலில் பிணவறை வாசல் வேப்பமரத்தடியில் அம்மாவைக் கொடுத்தார்கள். தலை முதல் கால் வரை வெள்ளைத் துணியில் சுற்றி, கயிற்றால் கட்டியிருந்தது. முகம் மட்டும் தெரிந்தது. துணியைப் பிரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவின் பக்கத்திலிருந்து யாரும் வரவில்லை. பத்மாசினி மட்டும் கொஞ்சம் தள்ளிச் சுவரோரமாக நின்றார். பெண் பார்க்க வருவதாக இருந்த திருமங்கலத்துக்காரர்கள் காலையிலேயே போன் செய்து, வீட்டில் பெரியவர்களுக்கு உடம்பு சரியில்லை, இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள்.

"பேரையூருக்கே கொண்டு போவோம்" என்றாள் அன்னக்கொடி. முழங்காலில் கட்டுப் போட்டிருந்தாள். "அங்கதான் பொறந்தா. நீயும் வந்துரு, அத்தையோட இரு. நாடியக் கையில புடிச்சுக்கிட்டே இருந்தாலும் இரு. எம் மவன் கட்டுனா கட்டுறான், கட்டாட்டிப் போறான்."

முனீஸ்வரி தண்ணீருக்கு வாளியை எடுத்தாள்.

குடம் நசுங்கிப் போயிருந்ததால் பிணவறைக் குழாயில் வாளி நிறையப் பிடித்து வந்தார்கள். பிறந்த வீட்டுப் பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கட்டிய துணிமேலேயே ஊற்றினார்கள். துணி நனைந்து உடம்போடு ஒட்டியது.

கோடி போர்த்த அண்ணன் வேண்டும். காத்திருந்தார்கள். வெயில் ஏறிய பிறகு ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் மனசு வைத்து, பத்து நிமிசம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். மாமாவின் புருவத்தில் தையல் போட்டிருந்தது. கூட வந்த போலீஸ்காரர் சின்ன வயசுக்காரர். மாமாவின் வலது கையோடு தன் விரல்களைக் கோத்துப் பிடித்திருந்தார். பார்க்கிறவர்களுக்கு இரண்டு பேரும் திருவிழாவுக்கு வந்தவர்கள் மாதிரி இருந்தது.

"கைய விடுங்க சார், தங்கச்சிக்குக் கோடி போடணும்" என்றார் மாமா.

"விடக் கூடாதுண்ணே. எனக்கு வேலை போயிரும்."

மாமா அன்னக்கொடி கொடுத்த சேலையை இடது கையில் வாங்கினார். உதறி விரிக்கப் பார்த்தார். ஒரு கையால் விரியவில்லை. மடிப்பு மடிப்பாகத் தரையைத் தொட்டது. போலீஸ்காரர் வேறு பக்கம் பார்த்தார். மாமா மறுபடியும் உதறினார்.

முனீஸ்வரி குனிந்து மறுமுனையை எடுத்தாள். தலைமாட்டில் மாமா, கால்மாட்டில் அவள். சேலை இழுபட்டு நேராகியது. ஒரு வேப்பம்பழம் விழுந்து அதில் தங்கியது. அவள் அதை எடுத்துப் போட்டுவிட்டு, மாமா தாழ்த்தத் தாழ்த்தத் தானும் தாழ்த்தினாள்.